எஸ்யுவி எண் எங்கே தப்பாகிறது: பெட்-சிடி ஸ்கேனருக்கு இயர்ல் அங்கீகாரம் வாங்கிய அனுபவம்

இயர்ல் அங்கீகாரம் ஒருவழியாக வந்துவிட்டது. ஐரோப்பிய நியூக்ளியர் மெடிசின் சங்கத்தின் இயர்ல் அமைப்பு 2010இல் தொடங்கிய எஃப்டிஜி பெட்-சிடி தரத் திட்டம் இது. எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃப்ளோரின்-18 சேர்த்த, சர்க்கரை போன்ற மருந்து. அது உடலில் எங்கே எவ்வளவு சேர்கிறது என்று காட்டுவது பெட்-சிடி ஸ்கேன். அந்தச் சேர்க்கையைச் செலுத்திய அளவோடும் உடல் எடையோடும் ஒப்பிட்டு வரும் எண்தான் எஸ்யுவி. மருந்து சீராகக் கலந்த தண்ணீரில் அது 1.00 வர வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மையங்களும் சேரலாம். பதிவு, கட்டணம், ஸ்கேனர் விவரப் படிவம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எல்லாம் ஃபாண்டத்தில் (நோயாளிக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் கலம்) தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆரம்பிக்கும். அதிலும் பாதிக்கு மேல் ஸ்கேனருக்குள் இல்லை. ஹாட் லேப் (கதிரியக்க மருந்தை அளந்து தயாரிக்கும் அறை), சுவர்க் கடிகாரம், எடை மெஷின், பழைய சர்வீஸ் ரிப்போர்ட் என்று வெளியே சிதறிக் கிடக்கிறது. இதில் இறங்கப்போகிறவர்களுக்கு எங்கே மாட்டும் என்று முன்பே தெரிந்தால் ஒரு டோஸ் எஃப்டிஜியாவது மிச்சம்.

இது எதற்கு என்று கேட்கும் நிர்வாகத்துக்குக் காட்ட ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இயர்ல் விதிப்படி ஃபாண்டத்தின் எஸ்யுவி 0.90 முதல் 1.10க்குள் இருந்தால் போதும். நோயாளியின் முதல் ஸ்கேன் 10 சதவீதம் குறைவாகக் காட்டும் மெஷினிலும், கீமோவுக்குப் பிந்தைய ஸ்கேன் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும் மெஷினிலும் எடுக்கப்பட்டால், கட்டி துளியும் மாறாமலே எஸ்யுவி 22 சதவீதம் ஏறியதுபோல் தெரியும். உண்மையில் 30 சதவீதம் குறைந்திருந்தால் அறிக்கையில் 14 சதவீதம்தான் குறைந்திருக்கும். பெட் ஸ்கேனை வைத்துச் சிகிச்சையின் பலனை மதிப்பிடும் பெர்சிஸ்ட் முறையில் 30 சதவீதக் குறைவுதான் பலன் தெரிகிறது என்பதற்கான எல்லை. மருந்து வேலை செய்தும் 'செய்யவில்லை' என்று எழுதப்படும். இரண்டு மெஷினும் தேர்ச்சி பெற்றவை என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் எல்லைக்குள் வந்தால் போதும் என்று விடாமல் 1.00ஐ ஒட்டிக் கொண்டுவரப் பாடுபட வேண்டும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது சர்வீஸ் ரிப்போர்ட். ஸ்கேனரை நிறுவியபோது கம்பெனி செய்த கேலிபிரேஷனில் (அளவு சரிப்படுத்தலில்) எல்லா வரியும் 'பாஸ்'. ஆனால் ஃபாண்டத்தில் போட்ட கதிரியக்க அளவை எந்த டோஸ் கேலிபிரேட்டரில் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி) அளந்தார்கள் என்ற கட்டம் காலி. சர்வீஸ் பக்கம் கேட்டால் 'சிஸ்டம் ஸ்பெக்குக்குள் இருக்கிறது' என்ற ஒரே பதில். விடாமல் எழுத்தில் கேட்ட பிறகுதான் தெரிந்தது: மருந்து வந்த ஈயக் கலத்தின் லேபிளில் சப்ளையர் எழுதியிருந்த அளவை அப்படியே கன்சோலில் தட்டியிருக்கிறார்கள். எங்கள் டோஸ் கேலிபிரேட்டர் அந்த லேபிளைவிடச் சுமார் 5 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது. ஸ்கேனர் சப்ளையரின் அளவில் பேசுகிறது, நோயாளிக்குப் போடும் ஊசி எங்கள் அளவில் பேசுகிறது. ஆக எஸ்யுவி எப்போதுமே 5 சதவீதம் குறைவு.

இதில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டோஸ் கேலிபிரேட்டர் கொஞ்சம் தப்பாகவே காட்டினாலும், ஸ்கேனரைக் கேலிபிரேட் செய்யவும் நோயாளியின் ஊசியை அளக்கவும் அதே கருவியைப் பயன்படுத்தினால் எஸ்யுவியில் அந்தத் தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு கருவி புழங்கினால் போகாது. ஹாட் லேபில் ஒன்று, ஊசி போடும் அறையில் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் ஒரே சிரிஞ்சை இரண்டிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றை ஓரம் கட்டுங்கள். ஓசைப்படாமல் வரும் இன்னொரு கோளாறு: சிரிஞ்சைத் தாங்கும் டிப்பரை மாற்றினாலோ, கருவிக் குழியின் உள்ளுறை இல்லாமல் அளந்தாலோ அளவு மாறும். உடைந்ததற்குப் பதிலாக உள்ளூரில் செய்து மாட்டிய டிப்பர் இருந்தால் உடனே சோதியுங்கள். தினமும் சீசியம்-137 மூலத்தை வைத்துப் பார்ப்பது கருவி நேற்று மாதிரியே இன்றும் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஃப்ளோரின்-18 பட்டனில் அது சரியாகக் காட்டுகிறதா என்று சொல்லாது. அதற்கு 271 நாள் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) கொண்ட ஜெர்மேனியம்-68 தர மூலம் வேண்டும், அல்லது சான்று உள்ள வேறொரு கருவியோடு ஒப்பிட வேண்டும்.

கேலிபிரேஷன் ஃபாண்டம் ஒரு சாதாரண உருளை. அதன் கொள்ளளவைக் கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள். காலியாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை எடை போடுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி லிட்டர், அவ்வளவுதான். 70 மெகாபெக்கரல் (கதிரியக்க அலகு) அளவில் எஃப்டிஜி போதும். சிரிஞ்சை அளந்த நேரம், காலி சிரிஞ்சில் மிச்சம் இருந்தது, அதை அளந்த நேரம், மூன்றையும் அந்தந்த நிமிடமே எழுத வேண்டும். மருந்தைச் செலுத்தியதும் அதே தண்ணீரை சிரிஞ்சில் இழுத்து மூன்று முறை அலசி விடுங்கள். அதற்கு முன் மேலே கொஞ்சம் காற்றிடம் விட்டிருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பிவிட்டால் எவ்வளவு குலுக்கினாலும் கலக்காது. பத்து நிமிடம் புரட்டிப் புரட்டிக் கலக்கிவிட்டுப் பிறகு நிரப்பி மூடுங்கள். அவசரத்தில் கலக்காமல் விட்டால் படத்தில் ஒரு முனை பளிச்சென்று இருக்கும். அந்த ஸ்கேனை அனுப்பவே முடியாது, மருந்தும் போச்சு.

கணக்கு இப்படிப் போகும். 10:05க்கு சிரிஞ்சில் 72.4 மெகாபெக்கரல். 10:12க்கு மிச்சம் 1.3. அந்த மிச்சத்தை 10:05க்குத் திருப்பினால் 1.36. உள்ளே போனது 71.04. ஸ்கேன் 11:05. ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 109.8 நிமிடம் என்பதால் 60 நிமிடத்தில் 0.685 பங்கு மீதி இருக்கும், அதாவது 48.6 மெகாபெக்கரல். 6,280 மில்லி லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிக்கு 7.75 கிலோபெக்கரல். ஸ்கேனர் இந்த எண்ணைக் காட்டினால் எஸ்யுவி 1.00. உடல் எடைக் கட்டத்தில் தண்ணீரின் எடையைத்தான் போட வேண்டும். ஃபாண்டத்தின் பிளாஸ்டிக் எடை அதில் சேரக்கூடாது.

எங்கள் ஃபாண்டத்தில் வந்தது 0.95. விதிப்படி தேர்ச்சிதான், அனுப்பியிருக்கலாம். ஆனால் ஃபாண்டத்தை அளப்பது பொறுமையோடு, ஒரே கடிகாரத்தைப் பார்த்து. நோயாளிக்கு ஊசி போடுவது காலை அவசரத்தில். அதைச் சோதித்தபோது இன்னும் இரண்டு ஓட்டை தெரிந்தது.

முதலாவது கடிகாரம். ஸ்கேனர் கன்சோல் மருத்துவமனை நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுத்துக்கொள்கிறது. டோஸ் கேலிபிரேட்டர் எதோடும் இணையாமல் தன்பாட்டுக்கு ஓடுகிறது. அச்சில் வரும் நேரம் 6 நிமிடம் வேகமாக இருந்தது, 10:00க்கு அளந்தால் 10:06 என்று அச்சாகும். 6 நிமிடம் என்றால் எஸ்யுவியில் 3.7 சதவீதம் குறைவு. கேலியம்-68 பயன்படுத்தும் டோட்டாடேட் (நரம்பு-நாளமில்லாக் கட்டிகளுக்கு), பிஎஸ்எம்ஏ (புராஸ்டேட் புற்றுநோய்க்கு) ஸ்கேன்களில் அரை ஆயுள் 68 நிமிடம்தான். அதே 6 நிமிடம் அங்கே 6 சதவீதத்தை விழுங்கும். இரண்டாவது சிரிஞ்சு மிச்சம். முழு சிரிஞ்சை அளந்து எழுதிவிட்டு, காலி சிரிஞ்சைக் குப்பைக் கலத்தில் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மேலே உள்ள கணக்கில் மிச்சத்தை விட்டால் 1.9 சதவீதம். லேபிள், கடிகாரம், மிச்சம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்ததால் பெருக்கிப் பார்த்தால் 0.952 × 0.963 × 0.981. 0.90க்கு ஒரு மயிரிழை கீழே. தனித்தனியாகக் காட்டினால் எதையும் யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

நம் ஊர் ஹாட் லேப்களில் இன்னொன்றும் சேரும். அளப்பது மில்லிக்யூரியில், கன்சோல் கேட்பது மெகாபெக்கரலில். 9.8ஐ 10 என்று எழுதி 370 என்று தட்டினால் அதிலேயே 2 சதவீதம் போய்விட்டது. 37ஆல் பெருக்கி வருவதை அப்படியே தட்டுங்கள், 362.6.

உருவத் தரச் சோதனைக்கு நீமா தரப்படி செய்த உடல் வடிவ ஃபாண்டம். 10, 13, 17, 22, 28, 37 மில்லிமீட்டர் விட்டத்தில் ஆறு கோளங்கள், மொத்தமாக 50 மில்லிக்குள் அடங்கும். பின்னணித் தொட்டி ஏறக்குறைய 9.7 லிட்டர். ஸ்கேன் தொடங்கும்போது கோளத்தில் மில்லிக்கு 20 கிலோபெக்கரலும் பின்னணியில் 2 கிலோபெக்கரலும் வேண்டும். சுலபமான வழி: அந்த நேரத்துக்கு 20 மெகாபெக்கரல் வரும்படி இரண்டு சிரிஞ்சு. ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கோளங்களுக்கு, மற்றதை நேராகத் தொட்டிக்கு. ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன் என்றால் ஒவ்வொன்றும் 29.2 மெகாபெக்கரல். மருந்து வண்டி தாமதமாகும் நாளில் நோயாளிகளை முடித்துவிட்டு மிச்சத்தை வைத்துச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். சாயங்காலத்தில் அளவு போதாமல் படம் இரைச்சலாகி, சின்னக் கோளத்தின் உச்ச எண் தாறுமாறாக வரும். ஃபாண்டத்துக்கென்று தனியாக ஒரு டோஸ் ஆர்டர் போட்டுவிடுங்கள்.

கோளம் நிரப்புவதில் எதிரி காற்றுக் குமிழி. 10 மில்லிமீட்டர் கோளம் அரை மில்லிதான். அதில் ஒரு சின்னக் குமிழி நின்றாலும் எண் சரிந்துவிடும். நீண்ட ஊசியைக் கோளத்தின் அடிவரை இறக்கி, கீழிருந்து மெதுவாக நிரப்பி, ஊசியை இழுத்துக்கொண்டே வாருங்கள். குழாயின் கழுத்துவரை நிரம்ப வேண்டும். திருகை மூடும் முன் விரலால் தட்டிப் பாருங்கள். நாள்பட்ட ஃபாண்டத்தில் ரப்பர் வளையம் காய்ந்து கோளத்திலிருந்து தொட்டிக்குக் கசியும். முந்தின நாள் வெறும் தண்ணீரில் சாயம் கலந்து கோளத்தில் நிரப்பி இரவு முழுக்க விட்டால் கசிவு கண்ணுக்கே தெரியும். கதிரியக்கம் ஊற்றிய பிறகு கண்டுபிடித்தால் அந்த நாளே வீண்.

இரண்டு படுக்கை நிலை, ஒவ்வொன்றும் 5 நிமிடம் எடுத்தோம். அடுத்த தகராறு, மூலத் தரவிலிருந்து படத்தை உருவாக்கும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். டைம் ஆஃப் ஃப்ளைட்டும் (கதிர் வந்து சேரும் நேர வித்தியாசத்தைப் பயன்படுத்துவது) பிஎஸ்எஃப்பும் (ஸ்கேனரின் மங்கலைத் திருத்துவது) சேர்த்த படம் கண்ணுக்குக் கூர்மையாக இருக்கும், டாக்டர்களுக்குப் பிடிக்கும். ஆனால் பிஎஸ்எஃப் சிறிய கோளங்களின் விளிம்பில் எண்ணைத் தூக்கிவிடும். இயர்லின் பழைய தரத்தில் 10 மில்லிமீட்டர் கோளத்துக்கு உச்ச மீட்புக் கெழு (உண்மை அளவில் எத்தனை பங்கு படத்தில் தெரிகிறது என்ற எண்) 0.34 முதல் 0.57க்குள் வர வேண்டும். பிஎஸ்எஃப் படத்தை நேரடியாக அனுப்பினால் அது தாண்டும். தீர்வு, ஒரே மூலத் தரவிலிருந்து இரண்டு படம். வாசிக்க ஒன்று, அளக்க ஒன்று. அளக்கும் படத்துக்கு, படத்தை மென்மையாக்கும் காஸியன் ஃபில்டரை 5, 6, 7 மில்லிமீட்டர் என்று ஏற்றிப் பார்த்து ஆறு கோளமும் அனுமதித்த எல்லைக்குள் விழும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிஎஸ்எஃப் காலத்துக்கென்று 2019இல் வந்த இரண்டாம் தரம் இருக்கிறது. புது மெஷின் வாங்கியவர்கள் நேரே அதற்கே போகலாம். ஆனால் பழைய ஸ்கேனோடு ஒப்பிட வேண்டிய லிம்போமா நோயாளிக்குப் பழைய தரத்துப் படமும் வேண்டும். லிம்போமாவில் சிகிச்சையின் பலனை 1 முதல் 5 வரை மதிப்பிடும் டோவில் மதிப்பெண்ணில் 3ஆ 4ஆ என்பது கல்லீரலை வைத்து முடிவாகிறது. சிறிய நிணநீர்க் கணுவின் எண்ணை பிஎஸ்எஃப் தூக்கும், பெரிய கல்லீரலின் சராசரியை அசைக்காது. ஃபில்டர் மாறியதாலேயே 3 என்பது 4 ஆகிவிடும்.

தரவு அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. பேக்ஸிலிருந்து (மருத்துவமனையின் படச் சேமிப்பகம்) எடுத்து அனுப்பாதீர்கள், கன்சோலிலிருந்து நேராக எடுங்கள். இடையில் ஏதாவது மென்பொருள் தொட்டிருந்தால் டைகாம் படக் கோப்பில் சீரீஸ் நேரம் மாறியிருக்கும். சிதைவுத் திருத்தம் (நேரம் போகக் குறையும் கதிரியக்கத்தை ஈடுகட்டுவது) எந்த நேரத்துக்கு என்று அக்விசிஷன் (ஸ்கேன் எடுத்த) நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். பெயர் நீக்கும் மென்பொருள் எடை, ஊசி அளவு, ஊசி நேரம் மூன்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். அவை இல்லாமல் எஸ்யுவியே கணக்கிட முடியாது. எங்கள் முதல் தொகுப்பு திரும்பி வந்தது இதனால்தான். பெயர் நீக்கும் வேலைக்கு வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளின் ஆரம்ப அமைப்பே அப்படி.

லேபிள் விஷயத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் காட்டியதும் எங்கள் டோஸ் கேலிபிரேட்டரை வைத்தே மறுபடி கேலிபிரேட் செய்து தர ஒப்புக்கொண்டார்கள். மறு ஃபாண்டத்தில் 0.99. அந்த எண்ணைப் பார்த்த மகிழ்ச்சி சான்றிதழைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

நோயாளிப் பக்கம் இப்போது நடப்பது இது. எடையும் உயரமும் ஸ்கேன் அன்று நாங்களே அளக்கிறோம். கீமோவில் இருப்பவர் மூன்று வாரத்தில் நாலு கிலோ இளைத்திருப்பார், பழைய சீட்டில் உள்ள எடை உதவாது. சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு மேல் என்றால் வேறு தேதி. ஊசியிலிருந்து ஸ்கேனுக்கு 60 நிமிடம். மறு ஸ்கேனில் முந்தைய இடைவெளியோடு 10 நிமிடத்துக்கு மேல் விலகக்கூடாது, மெஷினும் அதுவேதான். ஊசி போட்ட கையில் மருந்து வெளியே கசிந்திருந்தால் எந்தக் கணக்கும் அதைத் திருத்தாது. அந்த இடத்தையும் படத்தில் பார்த்து, அறிக்கையில் எஸ்யுவி நம்பத்தக்கதல்ல என்று எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு எஃப்டிஜி ஸ்கேனிலும் கல்லீரலில் 3 சென்டிமீட்டர் வட்டம் போட்டுச் சராசரி எஸ்யுவியைக் குறிக்கிறோம். 1.3 முதல் 3.0க்கு வெளியே போனால் அறிக்கைக்கு முன் எடை, நேரம், ஊசி அளவு மூன்றையும் திரும்பச் சரிபார்ப்போம்.

உருளை ஃபாண்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோள ஃபாண்டம் வருடத்துக்கு ஒருமுறை. இது போக டிடெக்டர் மாற்றினாலோ, மென்பொருளை மேம்படுத்தினாலோ, டோஸ் கேலிபிரேட்டர் சர்வீஸுக்குப் போய் வந்தாலோ அடுத்த நோயாளிக்கு முன் உருளையை ஓட்டுங்கள். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன், எந்த டோஸ் கேலிபிரேட்டர், எத்தனை மணி, மிச்சம் எவ்வளவு என்ற மூன்று வரி இல்லையென்றால் எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.