இருபது வருடம் காணாமல் போன எங்கள் தொகுதி

1977 மார்ச்சில் நான் ஒன்பதாம் வகுப்பு. நம் பள்ளி வாக்குச்சாவடியானதால் பெஞ்சுகளையெல்லாம் தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டார்கள். விடுமுறை முடிந்து வந்தபோது வகுப்பில் வாக்குப்பெட்டிகளுக்குச் சீல் வைத்த அரக்கு வாசனை போகவில்லை, தரையில் சிவப்புத் துளிகள் ஒட்டியிருந்தன. வரலாற்று வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தருமபுரிக்கு இப்ப வரப்போறவர் எத்தனையாவது எம்.பி., சொல்லுங்கடா." ஆறு, ஏழு என்று கத்தினோம்.

"ரெண்டாவது" என்றார்.

அன்று அவர் பாடம் நடத்தவில்லை. 1952 முதல் பொதுத்தேர்தலில் தருமபுரி ஒரே உறுப்பினரை அனுப்பும் மக்களவைத் தொகுதி. அப்போது சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் உண்டு. அந்த முறை 1961 சட்டத்தோடுதான் ஒழிந்தது. இங்கே சுயேச்சையாக நின்ற என். சத்தியநாதன் ஜெயித்தார். பக்கத்துக் கிருஷ்ணகிரியில் ராஜாஜியின் மகன் சி.ஆர். நரசிம்மன், காங்கிரஸ். அப்புறம் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். 1957 தேர்தலில் தருமபுரி என்றொரு தொகுதியே கிடையாது. 1962, 1967, 1971 தேர்தல்களிலும் இல்லை. கிருஷ்ணகிரி மட்டும் நிலைத்தது.

எனக்கு இன்றும் மனதில் தைப்பது ஒன்று உண்டு. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டமானது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள்தான் இருந்தன. ஆனாலும் மாவட்டத்துக்கே பேர் கொடுத்த ஊருக்கு மக்களவையில் பேர் இல்லை. அந்த வயதில் அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

சரி, வாத்தியார் எங்களுக்குக் கொடுத்த வேலையைச் சொல்கிறேன். 1952-இல் ஓட்டுப் போட்டவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதி வரச் சொன்னார். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஆயாவிடம், அதாவது என் பாட்டியிடம், கேட்டேன். அவருக்குச் சத்தியநாதன் பேர் ஞாபகமில்லை. தொகுதி, மறுவரையறை எதுவும் தெரியாது. பெட்டிகள் மட்டும் அப்படியே நினைவில் இருந்தன. அந்தத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் முத்திரை எதுவும் குத்த வேண்டாம். மறைப்புக்குப் பின்னால் போய் வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "சீட்டு உள்ள விழுந்துச்சான்னு பெட்டியத் தட்டிப் பாத்தேன் கண்ணு" என்றார். எந்தப் பெட்டி என்று நான் எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை. "அத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க" என்பார். தாத்தாவிடம்கூடச் சொன்னதில்லையாம். அந்த ரகசியத்தை இருபத்தைந்து வருடம் காத்தவர் அவர்.

வகுப்பில் இதை வாசித்தபோது வாத்தியார் என்னை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

அந்த 1977 தேர்தலில் காங்கிரஸின் வாழப்பாடி ராமமூர்த்தி ஜெயித்து, தருமபுரியின் இரண்டாவது எம்.பி. ஆனார். பிறகு அவர் கிருஷ்ணகிரிக்குப் போய் 1980 முதல் 1991 வரை நான்கு முறை வென்றார். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டது. இரண்டு தொகுதிகளும் இன்று இருக்கின்றன.

அந்த வருடம் வகுப்பில் எழுதியவற்றையெல்லாம் வாத்தியார் ஒரே நோட்டாகத் தைத்து வைத்திருந்தார். அது யாரிடம் போனதென்று இங்கே சந்திக்கும் ஒவ்வொரு வகுப்புத் தோழனிடமும் விசாரிக்கிறேன். உங்கள் ஊர் வீட்டுப் பரணில் கிடந்தால் அடுத்த மலருக்குள் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அதில் பழுப்பு மையில் எழுதிய பக்கம் என்னுடையது.