அப்பாவின் உதடு நீலித்த நாட்கள்

மார்ச் 3, இரவு, உப்புவெளி

தலைவலி என்று மத்தியானம் படுத்த அப்பா எழும்பவேயில்லை. உதடு கருநீலம், நகக்கண்ணும் அப்படியே. தொழுநோய்க்குத் தரும் மருந்தில் க்ளோஃபசிமின் தோலைக் கறுப்பாக்கும் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். நாலு நாளாக நிறம் மாறியதை அதுதான் என்று விட்டுவிட்டேன். கறுப்பு வேறு, நீலம் வேறு. பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் போனேனே.

மார்ச் 4

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் 85 வீதம் என்று காட்டியது. ஒட்சிசன் வைத்தும் 85தான். டொக்டர் அப்பாவின் இரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டார், பக்கத்தில் என்னுடையதில் ஒரு சொட்டு. என்னுடையது காற்றுப்பட்டுச் சிவந்தது. அப்பாவுடையது சொக்லேட் நிறத்திலேயே கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், மாறவில்லை.

தொழுநோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான டாப்சோனின் வேலை அது. ஈமோகுளோபினில் இருக்கும் இரும்பை அது மாற்றிவிட்டால் இரத்தத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. மெதீமோகுளோபின் என்று பெயர்.

மருந்து அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாவது அட்டை, தொடங்கி 11 நாள். நாளுக்கு ஒன்று போடவேண்டிய வெள்ளை டாப்சோன் குளிசை 22 காலி.

"சித்திரைக்கு முன்னம் கடலுக்கு இறங்கோணும் பிள்ளை. கெதியாச் சுகமாகட்டும் எண்டுதான் ரெண்டு ரெண்டாப் போட்டனான்."

கோபிக்க வாய் வரவில்லை. ஊராருக்குத் தெரியுமுன் குணமாகவேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

டாப்சோன் தொடங்குமுன் ஜீ-சிக்ஸ்-பீ-டீ என்ற நொதிச் சோதனை செய்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்த நொதி குறைந்தவர்களுக்கு, இதற்கு மாற்று மருந்தான மெதிலீன் நீலம் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும். கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில், 5 நிமிடம் மெல்ல ஏற்றினார்கள். நீலத்தைப் போக்க நீல மருந்து! ஒரு மணித்தியாலத்தில் உதட்டில் இரத்தம் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

மார்ச் 5

விடியப்புறம் மறுபடி நீலித்தது. டாப்சோன் உடம்பைவிட்டு இறங்க நாட்கள் எடுக்குமாம், அதனால் இரண்டாம் முறையும் ஏற்றினார்கள். அப்புறம் சிறுநீர் பச்சையாகப் போனது. அப்பா பயந்துபோய்க் கூப்பிட்டார். அந்த மருந்தின் நிறம்தான் என்று நேர்ஸ் அக்கா சொன்ன பிறகே படுத்தார்.

மார்ச் 8

வீடு வந்தோம். டாப்சோன் நிறுத்தம், மற்ற மருந்துகள் தொடரும், மாற்று என்ன என்று கிளினிக் சொல்லும். அட்டை இனி என்னிடம். மாலையில் வாசலில் உட்கார்ந்து அப்பாவின் பத்து நகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரலில் வலைநூல் அறுத்த பழைய தழும்பு. நகம் இளஞ்சிவப்பு.