மனைவியின் எம்.காமுக்காக மூன்று முறை பஸ் ஏறினோம்

கனடாவில் குடியேற, புள்ளிகள் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பிக்கிறேன். அதற்கு, நம் பட்டம் கனடாவின் எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் அறிக்கை தர வேண்டும். என் சான்றிதழ் மதிப்பீடு தொல்லையில்லாமல் முடிந்தது. மனைவியின் எம்.காம் பட்டத்துக்குத்தான் ஏழு மாதங்கள் பிடித்தன.

"விண்ணப்பிப்பது நீங்கள், அவர் படிப்பு எதற்கு?" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். மனைவியோடு விண்ணப்பித்தால் வயதுக்கும் படிப்புக்கும் மொழிக்கும் நமக்குரிய உச்சப் புள்ளிகள் குறைந்துவிடும். துணைவரின் படிப்புக்கு 10 புள்ளிகள் வரை தருவது அதை ஓரளவு ஈடுகட்டும். முதுகலைக்கு 10, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 8. மதிப்பீட்டு அறிக்கை இல்லாவிட்டால் ஒன்றுமே கிடையாது.

அவள் படித்த பல்கலைக்கழகம் தென்மாவட்டத்தில் இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறி, காலை பத்து மணிக்கு டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் பட்டியல்) கேட்டு நின்றோம். எழுத்தர் மூன்றாம் பருவ மதிப்பெண் பட்டியலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நனைந்த தாள் அது. ஓரம் முழுக்கப் பழுப்புக் கறை, இரண்டு பாடங்களின் மதிப்பெண் மங்கியிருந்தது.

"தெளிவா இல்லம்மா. டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க."

"சார், மதிப்பெண் உங்க பதிவேட்டிலேயே இருக்குமே?"

பதில் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து பத்து நிமிடத்தில் திரும்பியது இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் முறை எழுத்தரிடம் போகாமல் பிரிவுக் கண்காணிப்பாளரைப் பார்த்தோம். அந்த அம்மா பதிவு எண்ணைக் கேட்டார், பேரேட்டை எடுத்து வரச் சொன்னார், மங்கிய இரண்டு மதிப்பெண்களையும் விரலால் தொட்டுக் காட்டினார். டூப்ளிகேட் தேவைப்படவே இல்லை! மாலைக்குள் டிரான்ஸ்கிரிப்ட் தயார். பல்கலைக்கழகமே மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்பதால் உறையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அதுதான் தவறு. உறை கனடா போய்ச் சேர்ந்ததாக அஞ்சல் தகவல் காட்டியது. மதிப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் எங்கள் கணக்கிலோ ஆறு வாரமாக அசைவே இல்லை. விசாரித்தால், உறைமேல் அந்த நிறுவனம் எங்களுக்குத் தந்த குறிப்பு எண்ணைப் பல்கலைக்கழகத்தில் எழுதவே இல்லை. யாருடைய தாள் என்று அங்கே எப்படித் தெரியும்? மறுபடியும் கிளாம்பாக்கம். இந்த முறை நகரவில்லை. எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதுவதையும், உறையை ஒட்டிய இடத்தின் மேலேயே கையெழுத்தும் முத்திரையும் விழுவதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினோம். நீங்களும் பார்க்காமல் வராதீர்கள்.

பெயர் விஷயமும் உண்டு. மனைவியின் சான்றிதழில் அவள் தந்தையின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அவள் பெயரோடு என் பெயர். கணக்கில் பாஸ்போர்ட் பெயரையே கொடுத்து, திருமணப் பதிவுச் சான்றிதழையும் முதல் நாளே சேர்த்துவிட்டோம். கேள்வி வரவில்லை.

போன வாரம் அறிக்கை வந்தது: முதுகலை, முழுதாக 10 புள்ளிகள். ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அவள் இப்போது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். அதில் துணைவருக்கு 20 புள்ளிகள் வரை இருக்கிறது.