பி.ஆர். வேலைக்குச் சுற்றி வந்தவர்கள்

பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலைக்கு நேராக வந்தவர்களைவிட, வேறு ஏதோ வேலை பார்த்துவிட்டுச் சுற்றி வந்தவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். சென்னையில் ஒரு நடுத்தர ஏஜென்சியில் தமிழ் ஊடகங்களைப் பார்த்துக்கொள்ளும் குழு என் பொறுப்பு. மாஸ் கம்யூனிகேஷன் படித்தவர்கள் அதில் இருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறார்கள். மற்றபடி ஒரு நர்ஸ், ஒரு மெடிக்கல் ரெப், எஃப்.எம்.மில் பேசிக்கொண்டிருந்த ஒருவர், வேளாண்மை படித்த ஒருவர். இவர்களின் பழைய வேலையைச் சொன்னால் சில கிளையன்ட்டுகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "இவங்களுக்கு பி.ஆர். எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா மேடம்?" என்று கேட்பார்கள். இருக்கிறது. அது பயோடேட்டாவில் வேறு பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நானே திருச்சியில் ஒரு தமிழ் நாளிதழில், வரும் செய்திகளைத் திருத்திப் பக்கம் முடிக்கும் டெஸ்க்கிலிருந்து வந்தவள். சாயங்காலம் ஆனால் செய்திக்குறிப்புகள் வந்து குவியும். கலெக்டர் அலுவலகத்திலிருந்து வருவது ஒரு வகை. மாவட்ட ஆட்சித்தலைவர் தொடங்கிவைத்தார் என்று ஆரம்பித்து, யார் யார் கலந்துகொண்டார்கள் என்ற நீண்ட பட்டியலோடு முடியும். பட்டியலை வெட்டிவிட்டு, எத்தனை பேருக்கு என்ன உதவி கிடைத்தது என்ற வரியைத் தேடி மேலே கொண்டுவந்து வைப்போம். தனியார் ஏஜென்சிகள் அனுப்புவது இன்னொரு வகை. 'வாடிக்கையாளர் அனுபவத்தை மறுவரையறை செய்யும் முன்னணி நிறுவனம்' என்று தொடங்கும். கடை எந்தத் தெருவில் திறக்கிறார்கள் என்பது நாலாவது பத்தியில் இருக்கும், சில நாள் இருக்கவே இருக்காது. பக்கம் முடிக்கும் நேரத்தில் அதை யார் போன் போட்டுக் கேட்பார்கள்? அப்படியே விட்டுவிடுவோம்.

இந்தப் பக்கம் வர எனக்கு ஆசை வந்தது ஒரு புயலால். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று எங்கள் பதிப்பு போகும் ஊர்களெல்லாம் இருட்டில். மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் டவர்கள் படுத்து, எங்கள் நிருபர்களையே பிடிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒரு மாவட்டத்தின் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் எப்படியோ லைனில் கிடைத்தார். எண்ணிக்கையைக் கேட்டேன். "உறுதியானது இப்ப என்கிட்ட இவ்வளவுதாம்மா. ரெண்டு ஊர்லேர்ந்து தகவலே வரலை. வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்றார். இப்படிச் சொல்பவர்கள் கூப்பிட மாட்டார்கள் என்பது டெஸ்க்கில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். அவர் நள்ளிரவுக்குள் கூப்பிட்டார். எண்ணிக்கையோடு, எந்தெந்தச் சாலையில் மரங்களை அகற்றி வழி விட்டிருக்கிறார்கள், எந்தப் பள்ளிகளில் முகாம் இருக்கிறது என்பதையும் சொன்னார். அதையே தலைப்புச் செய்திக்குக் கீழே பெட்டியாகப் போட்டோம்.

பல மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் அவரைச் சந்தித்தபோதுதான், அரசுப் பணிக்கு வருமுன் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று தெரிந்தது. "பசங்க கேட்டது தெரியலைன்னா, தெரியலை, நாளைக்குப் படிச்சுட்டு வந்து சொல்றேன்னு சொல்லுவேன். மறுநாள் சொல்லலைன்னா அவங்க விட மாட்டாங்கம்மா" என்றார். அந்த இரவு எங்களுக்குக் கிடைத்த நேர்மை ஒரு வகுப்பறையிலிருந்து வந்தது. இதுவும் ஒரு வேலை, இதை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. அடுத்த வருடமே சென்னைக்கு வந்துவிட்டேன்.

இந்தத் தொழில் ஆரம்பத்திலிருந்தே இப்படி வந்தவர்களால் ஆனதுதான். அமெரிக்காவில் இதன் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்தவர். 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடுக்காக வேலை பார்த்த லீ, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். உலகின் முதல் பத்திரிகைச் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். நிருபராக இருந்தவருக்குத்தான் தெரியும், கதவைச் சாத்தினால் நிருபர் என்ன எழுதுவார் என்று.

இன்னொரு முன்னோடியான எட்வர்ட் பெர்னேஸ் படித்தது விவசாயம், 1912-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். அப்புறம் மருத்துவ இதழ் ஆசிரியர், அப்புறம் நாடகம், ரஷ்ய பாலே குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணம் என்று விளம்பர வேலை. திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க் வீதியில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவைத்து, அதைச் 'சுதந்திரத் தீப்பந்தங்கள்' என்று பத்திரிகைகளில் வரவைத்தாரே, பணம் சிகரெட் கம்பெனியுடையது. கல்லூரிகளில் இன்றும் அதைச் சாதனையாக நடத்துகிறார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

காரணம், எங்கள் குழுவில் இருக்கும் அந்த நர்ஸ். ஏலக்காய் பெயரில் விளம்பரம் செய்யும் ஒரு பான் மசாலா பிராண்டின் வேலை எங்களுக்கு வந்தது. நல்ல தொகை. கூட்டத்தில் எல்லாரும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பேசாமல் இருந்தார். என்னம்மா என்று கேட்டேன். "வாய்ப் புற்றுநோய் வார்டுல டிரஸ்ஸிங் மாத்தினவ நான். இதுல என்னைச் சேர்க்காதீங்க அக்கா" என்றார். அதற்கப்புறம் அந்த அறையில் யாருக்கும் அந்தத் திட்டத்தைப் பேச மனம் வரவில்லை. வேலையை வேண்டாம் என்று எழுதி அனுப்பினோம். நிர்வாகமும் ஒப்புக்கொண்டது, அதில் எனக்கு நிறைய நிம்மதி.

அவர் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகப் பக்கவாத தினம் அக்டோபர் 29. ஒரு மருத்துவமனைக்காகத் தயாரித்த செய்திக்குறிப்பின் முதல் வரி இப்படி இருந்தது: 'அதிநவீன வசதிகளுடன் கூடிய ஒருங்கிணைந்த பக்கவாதச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டுள்ளது.' அதற்குக் கீழே மருத்துவர்களின் பெயரும் பட்டங்களும். இவர் அதை அப்படியே கீழே தள்ளிவிட்டு, மேலே எழுதியது இது: 'முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐ அழையுங்கள்.' மருத்துவமனைப் பெயர் மூன்றாவது பத்தியில்தான் வந்தது. கிளையன்ட் முகம் சுளித்தார். "காலைல பாத்துக்கலாம்னு அப்பாவைப் படுக்க வெச்சுட்டு, விடிஞ்சப்புறம் தூக்கிட்டு வருவாங்க சார். அவங்க கண்ணுல இது படணும்" என்று இவர் பொறுமையாக விளக்கினார். மாவட்டப் பதிப்புகளில் அந்த மூன்று வரியும் வெட்டுப்படாமல் வந்தன, மருத்துவமனைப் பெயரோடு. நான் டெஸ்க்கில் இருந்திருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன்.

மெடிக்கல் ரெப்பாக இருந்த தம்பியின் பலம் வேறு. கிளினிக் வாசலில் நோயாளிகளோடு நோயாளியாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, டாக்டர் தலை நிமிரும் இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்து பழகியவர். நிருபருக்குப் போன் செய்தாலும் அப்படித்தான். பக்கம் முடிக்கும் நேரத்தில் அழைக்க மாட்டார். "மெயில் வந்துச்சா சார்?" என்று ஒருநாளும் கேட்க மாட்டார். அந்தக் கேள்வியை எத்தனை பி.ஆர். ஆட்கள் எத்தனை தடவை கேட்கிறார்கள் என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். எஃப்.எம்.மில் இருந்தவருக்கு எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் அனுப்பவே வராது. எந்த வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறதோ அதை அங்கேயே இரண்டாக்கிவிடுவார்.

தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்ற தொழிலைத் தொடங்கிவைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒரு புகைப்படக்காரர். 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், முதல் பி.ஆர்.ஓ. என்ற பெயர் அப்படி வந்தது. அதோடு நிற்காமல், எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தார்கள், யார் இசை என்று ஒவ்வொன்றாகக் குறித்துச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தொகுப்பைப் பின்னாளில் தமிழக அரசே விலைகொடுத்து வாங்கியது. 2016-ல் மறையும்வரை, ஒரு தேதியில் சந்தேகம் என்றால் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போன மனிதர். தான் விளம்பரப்படுத்த வேண்டிய படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மொத்தத்தையும் பாதுகாத்தாரே, அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதே 1958-ல்தான் பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவும் தொடங்கியது. இந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் ஒரு சங்கமும் கோடம்பாக்கத்தில் ஒரு புகைப்படக்காரரும் ஒரே வருடத்தில் கிடைத்திருக்கிறார்கள்.

வருத்தப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில், தமிழ் டெஸ்க் என்றால் மொழிபெயர்ப்பு டெஸ்க். ஆங்கிலக் குறிப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும், அரை மணி நேரத்தில் தமிழ் வேண்டும். கிளையன்ட் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட மாட்டார்கள். மதுரையில் கடை திறக்கும் கம்பெனிக்கு மதுரையைப் பற்றி எல்லாம் தெரிந்த பெண் பக்கத்து அறையில் உட்கார்ந்து, மும்பையில் எழுதிய வாக்கியத்துக்குத் தமிழ் தேடிக்கொண்டிருப்பாள். வேறு துறையிலிருந்து வருகிற தமிழ் வழிப் பிள்ளைகளை இந்த மூலையில் உட்காரவைத்தால், அவர்கள் கொண்டுவந்தது அத்தனையும் வீண். இரண்டே வருடத்தில் போய்விடுகிறார்கள். நல்லவர்கள் பலர் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். என் குழுவில் தமிழில் எழுதுபவர்கள் கூட்டத்தில் முதல் நாளே உட்காருவார்கள், செய்தியைத் தமிழிலேயே முதலில் எழுதுவார்கள். இதற்காக நான் நிறையவே சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், பழைய வேலையில் வாங்கியதைவிடக் கீழே இறங்கியும் வர வேண்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பிரஸ் மீட்டில் பின்னால் பேனர் கட்டுவதிலிருந்து, மேஜையில் சேனல் மைக்குகளுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது வரை எல்லாம் நீங்கள்தான். சேப்பாக்கத்தில் பிரஸ் கிளப் பக்கம் அடிக்கடி போய் முகம் பழகிக்கொள்ளுங்கள். முக்கியமாக, தினமும் ஒரு பத்திரிகையையாவது மாவட்டப் பக்கங்கள் விடாமல் படியுங்கள்.

நேர்காணலில் நான் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். ஒரு பகுதியில் குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது, இரண்டு நாள் தண்ணீர் வராது, ஐந்து வரியில் அறிவிப்பு எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்றுதான் தொடங்குவார்கள், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று முடிப்பார்கள். போன வாரம் வந்தவர் நியாயவிலைக் கடையில் பல வருடம் விற்பனையாளராக இருந்தவர், இப்போது தொலைநிலைக் கல்வியில் இதழியல் படிக்கிறார். தெருப் பெயர்களை முதல் வரியில் வைத்தார். லாரி எந்த முனையில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை குடம் கிடைக்கும் என்பது அடுத்த வரி. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு அழைக்க ஒரு எண் என்று இடம் விட்டிருந்தார். காரணம் கடைசியில், ஒரே வரியில். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "சர்க்கரை வரலைன்னு போர்டு எழுதுவேன் மேடம். ஏன் வரலைங்கிறதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க, எப்ப வரும்ங்கிறதைத்தான் கேப்பாங்க" என்றார்.

அவருக்கு ஆங்கிலத்தில் பேசக் கொஞ்சம் தயக்கம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேருகிறார்.