பத்தொன்பது நூல்

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடையில் "மூணு நூல் போல்ட் குடுங்க" என்றால் எடுத்து நீட்டுவார்கள். இன்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். இது தெரிந்த பிள்ளைக்குக் கலப்பு பின்னம், அதாவது முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தது, பாதி தெரிந்த மாதிரி.

2⅜ இன்ச்சில் எத்தனை நூல்? இன்ச்சுக்கு 8, இரண்டு இன்ச்சுக்கு 16, மேலே 3. மொத்தம் 19 நூல், அதாவது 19/8. தகா பின்னம் என்பது இவ்வளவுதான்: எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக எண்ணுவது. "பகுதியால் (கீழ் எண்) பெருக்கி, தொகுதியைக் (மேல் எண்) கூட்டு" என்ற விதியை எண்ணிப் பார்க்காமல் மனப்பாடம் செய்தால், தேர்வில் 2×8+3-க்குப் பதில் 2×3+8 என்று எழுதத் தோன்றும். 'தகா' என்பதால் தப்பான பின்னம் என்று பயப்படவும் வேண்டாம். பெருக்கவும் வகுக்கவும் அதுதான் கைக்கு அடக்கம்.

முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே இருப்பது கூட்டல். 'இரண்டே கால்' என்கிறோமே, அந்த 'ஏ' கூட்டல்தான். கால்குலேட்டரில் 2×3÷8 என்று தட்டினால் 0.75 வந்து நிற்கும்.

இனி தசமம். 19-ஐ 8-ஆல் வகுத்தால் 2, மீதி 3. 30-இல் 3 தடவை, மீதி 6. 60-இல் 7, மீதி 4. 40-இல் 5, மீதி இல்லை. 2.375. இன்ச்சுக்கு 25.4 மி.மீ. என்பதால் 60.325 மி.மீ. இதையே 2.38 என்று சுருக்கி லேத்தில் கடைந்தால் 60.452 ஆகிவிடும், அந்த 0.127 மி.மீ. கூடுதலில் ஷாஃப்டில் பேரிங் ஏறாது.

பெரிய தப்பு அடிக்கணக்கில்தான் நடக்கிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட பாதையின் அகலம் 5 அடி 6 இன்ச். அது 5.6 அடி அல்ல. அடிக்கு 12 இன்ச், ஆகவே 5 6/12, அதாவது 5½, 11/2, 5.5 அடி. 5.6 என்று போட்டால் 1.2 இன்ச் கூடிவிடும். தண்டவாளத்தில் அது என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வீட்டு டைல்ஸ் கணக்கிலும் இதே தப்புதான், 10 அடி 3 இன்ச் அறைக்கு 10.25 போடவேண்டிய இடத்தில் 10.3.

சுருக்கிய பின்னத்தின் பகுதிக்கு 2, 5 தவிர வேறு பகா எண் காரணியாக இருந்தால் வகுத்தல் முடிவில்லாமல் நீளும். 2 அடி 4 இன்ச் என்பது 2⅓, 7/3, 2.333... கடைசி வரை 7/3 ஆகவே வையுங்கள். இந்த நீளத்தில் 30 துண்டு இரும்பு ஆங்கிளுக்கு 70 அடி சரியாக வரும். 2.33 என்று போட்டால் 69.9 அடி, கடைசித் துண்டு 1.2 இன்ச் குறையும்.