மகனின் டான்சில் அறுவைக்கு முன் எடுத்த எக்கோ

ஐந்து வயது மகன் விடும் குறட்டையை, தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான் என்று சிரித்தே இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டோம். உறக்கத்தில் நெஞ்சுக்குழி உள்வாங்கி, மூச்சு நின்று, பிறகு திடுக்கிட்டு வாயால் காற்றை இழுப்பதைக் கைபேசியில் படம்பிடித்துக் காட்டியதும், காது மூக்கு தொண்டை மருத்துவர் தூக்க ஆய்வுக்கு எழுதிக்கொடுத்தார். மணிக்கு 10 முறை மூச்சு தடைப்பட்டாலே குழந்தைகளுக்கு அது தீவிர நிலையாம், இவனுக்கு 24. ஆக்சிஜன் அளவும் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

மூச்சுவழியை அடைத்த டான்சிலையும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையையும் அகற்ற நாள் குறித்த பிறகு, எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் சோதனை, பார்க்காமல் மயக்கம் கொடுக்க முடியாது என்றார் மயக்க மருத்துவர். ஈ.சி.ஜி. சரியாகத்தானே இருக்கிறது என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். இரவுதோறும் ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும் என்றும், அந்த அழுத்தம் நிலைத்துவிட்டால் இதயத்தின் வலப்பக்கம் சிரமப்பட்டு மயக்கத்தின்போது ஆபத்தாகலாம் என்றும், அதை ஈ.சி.ஜி. காட்டாமலே விட்டுவிடக்கூடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

எக்கோ அறையில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. சிறு குழந்தைகள் அசையாமல் படுப்பதற்காகத் தூக்க சிரப் கொடுப்பது அங்கே வழக்கம் போலும். செவிலியர் அதைச் சின்ன மூடியில் ஊற்றியும்விட்டார். தூங்கினால் மூச்சு நிற்கிற பிள்ளைக்குத் தூக்க மருந்தா என்று என் மனைவி கேட்ட பிறகே, மகனின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிய இதய மருத்துவர் அதைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அவள் மடியில் சாய்த்து, கைபேசியில் யானைகளைக் காட்டிக்கொண்டே, ஜெல் பட்டதும் அவன் நெளிந்த போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்தார்கள்.

அறிக்கையில் ‘மூவிதழ் வால்வில் மிக லேசான கசிவு’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு அது. இந்த அளவுக் கசிவு நல்ல இதயங்களிலும் இருக்கும் என்றும், அந்தக் கசிவு பாயும் வேகத்தை வைத்துத்தான் நுரையீரல் அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம் என்றும் மருத்துவர் சொன்னார். கணக்கில் வந்தது 28 மி.மீ. பாதரசம், இயல்பான அழுத்தம்தான். வலது கீழறையும் இயல்பான அளவில் இருந்தது.

அடுத்த வாரம் அறுவை முடிந்தது. அன்றிரவு வீட்டுக்கு அனுப்பாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியின் எண்ணை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியும்வரை அது 93-க்குக் கீழே இறங்கவில்லை.