அகத்தியர்கூடப் பயணமும் மருத்துவச் சான்றில் வந்த வில்லங்கமும்

பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குப் (1,868 மீட்டர்) பாபநாசம் பக்கமாக ஏற இப்போது வழியில்லை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காடு. ஆகவே திருநெல்வேலிக்காரர்களும் கேரளத்துக்குள் போய், திருவனந்தபுரம் மாவட்டத்து விதுராவைக் கடந்து போணக்காட்டிலிருந்துதான் ஏற வேண்டும். கேரள வனத்துறை ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அனுமதிக்கிறது. இணையப் பதிவு சிக்கலின்றி முடிந்தது.

வில்லங்கம் மருத்துவச் சான்றில் இருந்தது. பயணத்துக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள், பதிவு பெற்ற மருத்துவர் தந்ததாக அது இருக்க வேண்டும். எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் முறையாகச் சோதித்துக் கையெழுத்திட்டார். அவருடைய பதிவு எண்ணும் முத்திரையும் வேண்டும் என்று நான் கேட்டபோது, முன்மேசை ஊழியர், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார், இதுவே போதும்" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போணக்காடு சோதனைச் சாவடியில் முதலில் தேடியதே அந்த எண்ணைத்தான். அது இல்லை என்றதும் விடவில்லை. அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடுக்காட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கிச் சுமக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, வந்த அதே குண்டும் குழியுமான சாலையில் ஜீப் பிடித்து விதுராவுக்கு இறங்கினேன். ஜீப்காரர் கேட்ட தொகையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அங்கே ஒரு மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே பதிவு எண்ணை எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். கடைசிக் குழு கிளம்பும் நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொண்டேன்.

அடையாள அட்டையின் அசலையும் கையில் வைத்திருங்கள். பிளாஸ்டிக்குக்குக் காட்டில் தடை என்பதால், தின்பண்டங்களை வீட்டிலேயே காகிதத்திலோ எவர்சில்வர் டப்பாவிலோ மாற்றிவிடுவது நல்லது. சாவடியில் பையைக் கவிழ்த்துப் பிஸ்கட் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அட்டைப் பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு தங்கும் அதிருமலை முகாம் வரை வழியின் பெரும்பகுதி ஓடைகளும் நிழலுமாகப் போய்விடும். மறுநாள் பொங்காலப்பாறைக்கு மேல்தான் உண்மையான ஏற்றம். செங்குத்துப் பாறைகளில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து ஏறும்போது, பனி ஈரத்தில் ரப்பர் செருப்பு சறுக்குகிறது. நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். உச்சியில் அகத்தியர் சிலையருகே நிற்க எனக்குச் சிறிது நேரமே கிடைத்தது. மேகம் கவிந்தால் வழிகாட்டி இறங்கச் சொல்லிவிடுவார். ஆகவே அதிருமலையிலிருந்து விடிந்ததும் கிளம்பும் முதல் குழுவோடு புறப்பட்டுவிடுங்கள்.